சார்ஸ் நோயும் செவிலியர் மனமும்



கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதுவோர் மாண்டவர்களின் தொகையைக் குறிப்பர். கிருமியைக் கண்டறிந்தவரின் பெயரைப் பொறிப்பர். நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்து நின்றவர்களுக்கு, நோய் ஒழிந்த பின்னர் என்ன நேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் எவரும் எழுதுவதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த நானும் அதனைக் கற்பித்தேன் அல்லேன். 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாவைப் பற்றிச் சொல்ல நேரும்போதெல்லாம், இறந்தோர் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவேன்.

அக்குறையை எனக்கு உணர்த்தியவள் என் பழைய மாணவி ஒருத்தி. அரசு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிந்த அவள், தன் தாயுடன் எங்கள் தெருவிலேயே குடியிருந்தாள். 2020ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு, நாடெங்கும் மக்கள் வாயிலில் நின்று மருத்துவப் பணியாளர்க்காகக் கைதட்டினார்களே, அன்று நானும் தட்டினேன். என் மனைவி தட்டும் கரண்டியும் கொண்டு வந்தாள். ஏழெட்டு வாரங்கள் சென்றிருக்கும். இரவுப் பணி முடித்து வந்த அப்பெண், என்னைக் கண்டு வழக்கம்போல் "வணக்கம் சார்" என்றாள். நானும் வணக்கம் என்றேன். சொல்லிக்கொண்டே இரண்டடி பின்வாங்கி வாயிற்கதவைச் சாத்தித் தாழிட்டேன். அவள் தெருவின் எதிர்ப்புறத்தில்தான் நின்றிருந்தாள்.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிப் பின்னர் நெடுநாள் எண்ணியதன் பயனாகவே, இதற்கு முன்னர் வேறு ஊர்களில் இத்தகைய காலத்தில் மருத்துவப் பணியாளரின் மனம் எவ்வாறு இருந்தது என்று படிக்கத் தொடங்கினேன். அவ்வகையில் எனக்குக் கிடைத்த தெளிவான சான்று, 2003ஆம் ஆண்டின் சார்ஸ் நோய்.

அந்நோய் 2002ஆம் ஆண்டின் இறுதியில் தென்சீனத்தின் குவாங்டாங் மாநிலத்தில் தோன்றியது. அங்கே நோயாளிகளைக் கவனித்த முதிய மருத்துவர் ஒருவர், 2003 பிப்ரவரி 21ஆம் நாள் ஹாங்காங் விடுதி ஒன்றில் ஒன்பதாம் மாடியில் வந்து தங்கினார். அவர் வழியாக அவ்விடுதியில் நோய் தொற்றியவர்கள் அதனை ஹனோய்க்கும் சிங்கப்பூருக்கும் கனடாவின் டொரன்டோவிற்கும் எடுத்துச் சென்றனர். ஜூலைத் திங்களில் நோய் அடங்கியபோது, 29 நாடுகளில் 8,096 பேர் நோயுற்றிருந்தனர். 774 பேர் இறந்திருந்தனர். நோயுற்றோருள் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள். அதாவது ஐவரில் ஒருவர்.

இதற்குக் காரணம் நோயின் இயல்பிலேயே இருந்தது. சார்ஸ் கண்டவர் முதல் ஓரிரு நாட்களில் பிறர்க்கு அதிகமாக நோயைப் பரப்புவதில்லை. நோய் முற்றி, மூச்சுத் திணறிப் படுக்கையில் வீழ்ந்த இரண்டாம் வாரத்திலேதான் கிருமி மிகுதியாக வெளிப்படும். ஆகவே அது கடைத்தெருவில் பரவியதைக் காட்டிலும் மருத்துவமனைக் கூடங்களிற் பரவியதே அதிகம். வியட்நாமில் நோயுற்ற 63 பேரில் 36 பேர் மருத்துவப் பணியாளர். அந்நோயை உலகிற்கு முதலில் எச்சரித்த இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானியும் அங்கே நோயாளிகளைப் பார்த்தவரே. மார்ச் 29ஆம் நாள் அவரும் அதே நோயால் மறைந்தார்.

சிங்கப்பூரை நோக்குவோம். அங்கே மார்ச் 22ஆம் நாள், சார்ஸ் நோயாளர் அனைவரும் டான் டோக் செங் மருத்துவமனைக்கே அனுப்பப்பட வேண்டும் என முடிவாயிற்று. 1844இல் ஏழைகளுக்கென நிறுவப்பட்ட பழைய நிலையம் அது. பணியாளர் நாள்தோறும் தம் உடல் வெப்பத்தை அளந்து பதிவு செய்யவேண்டும். என்-95 முகமூடியும் மேலங்கியும் கையுறையும் அணிந்தே கட்டிலை நெருங்கவேண்டும். அந்நாட்டில் நோயுற்ற 238 பேரில் 97 பேர் மருத்துவப் பணியாளர்கள். இறந்த 33 பேரில் ஐவர் அவ்வகையினர். அதே நாட்களில், சீருடை அணிந்த செவிலியர் (சிங்கப்பூர்த் தமிழர் அவர்களைத் தாதியர் என்பர்) மின்தூக்கியில் ஏறினால் உள்ளிருப்போர் இறங்கிவிடுவதும், டாக்சி ஓட்டுநர் அவர்களை ஏற்ற மறுப்பதும் நிகழ்ந்தன. நாம் ஒன்றும் புதிய வழக்கத்தைத் தொடங்கவில்லை போலும்.

ஆயினும் அங்கே ஒரு நற்செயல் நடந்தது. பணியாளரின் மனநிலையை ஊகித்துக்கொண்டிராமல், அவர்களையே கேட்டார்கள். 2003 மே முதல் ஜூலை வரை, ஒன்பது பெரிய மருத்துவ நிலையங்களில் 10,511 பேர் வினாத்தாளுக்கு விடையளித்தனர். தமக்கு நோய் வரக்கூடிய ஆபத்து பெரிது என்றவர்கள் நூற்றுக்கு 76 பேர். அவ்வாபத்தைத் தம் பணியின் ஒரு பகுதியாக ஏற்றோம் என்றவர்கள் ஏறத்தாழ 70 பேர். ஊரார் தம்மை இழிவாக நடத்தியதாக 49 பேரும், சொந்தக் குடும்பத்தாரே ஒதுக்கியதாக 31 பேரும் கூறினர். இத்தனைக்கும் இடையே, நிலையத்தின் பாதுகாப்பு முறைகள் பயனுடையவை என்றவர்கள் 96 பேர். விதிகள் தெளிவாயிருந்தன என்றவர்கள் 93 பேர்!

இந்த எண்களை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆபத்து பெரிது என்று அறிந்தே இருக்கிறார்கள். ஆனால் தம்மை அனுப்பியவர் தம்மை ஏமாற்றவில்லை என்றும் அறிந்திருக்கிறார்கள். அதே நாட்டின் மற்றொரு மருத்துவமனையில், மருத்துவரும் செவிலியருமாக 661 பேரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 27 பேரிடம் மனத்துயரின் அறிகுறிகள் காணப்பட்டன. செவிலியரைவிட மருத்துவரிடமே அது மிகுதி என்பது எனக்கு வியப்பளித்தது. மேலாளரும் உடன் பணிபுரிவோரும் துணைநின்ற இடத்தில் அத்துயர் குறைந்திருந்தது.

இனி டொரன்டோ. அங்கே மார்ச் 7ஆம் நாள் நோயாளி ஒருவர் மருத்துவமனையின் அவசரப் பிரிவிற்கு வந்து, இன்ன நோய் என்று எவரும் அறியாத நிலையில், ஓர் இரவு முழுதும் அங்கேயே கிடந்தார். அங்கிருந்து நோய் பரவியது. பணியாளர் பலருக்கு விந்தையான ஒரு சிறை விதிக்கப்பட்டது: மருத்துவமனைக்குப் போகலாம், வீட்டிற்கு வரலாம், வேறெங்கும் செல்லலாகாது. வீட்டிலும் தனியறையில் உறங்கவேண்டும். பிள்ளைகளின் எதிரே முகமூடியோடு இருக்கவேண்டும். மே 17ஆம் நாள் நெருக்கடி நிலை நீக்கப்பட்டது. பாதுகாப்பு முறைகளும் தளர்ந்தன. ஆனால் நோய் போய்விடவில்லை. ஒரு மருத்துவமனையில் செவிலியர் சிலர், "மீண்டும் அதே நோயைக் காண்கிறோம்" என்று எச்சரித்தும் அவர்கள் சொல் அம்பலம் ஏறவில்லை. ஒரு வாரத்திற்குள் இரண்டாம் அலை வெளிப்பட்டது. அந்த மாகாணத்தில் இறந்த 44 பேரில் இரு செவிலியரும் ஒரு மருத்துவரும் உளர். பின்னர் நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு இதனையெல்லாம் விரிவாகப் பதிவு செய்து, பணியாளரைக் காப்பதற்கு அறிவியலின் முடிவான சான்று வரும்வரை காத்திருத்தல் ஆகாது என்று எழுதியது.

நோய் ஒழிந்து பதின்மூன்று முதல் இருபத்தாறு திங்கள் சென்ற பின்னர், ஆய்வாளர் சிலர் மீண்டும் அப்பணியாளரைத் தேடிச் சென்றனர். சார்ஸ் நோயாளரைக் கவனித்த டொரன்டோவின் ஒன்பது மருத்துவமனைகளையும், அந்நோயாளரைக் காணாத ஹாமில்டன் நகரின் நான்கு மருத்துவமனைகளையும் ஒப்பிட்டனர். விடையளித்தோர் 769 பேர். டொரன்டோவினரிடம் சலிப்பும் உளத்துயரும் பழைய அச்சத்தின் மறுநினைவும் மிகுந்திருந்தன. பலர் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தனர். நோயாளியை நெருங்கும் பணியிலிருந்து விலகியிருந்தனர். போதிய பயிற்சியும் ஆதரவும் பெற்றோம் என்று கருதியவரிடம் இத்துயர் குறைவு.

மற்றோர் ஆய்வில், பெயரிட்டுச் சொல்லத்தக்க மனநோய் புதிதாகப் பற்றியவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவே என்று தெரியவந்தது. இதனைக் கண்டு ஆறுதல் கொள்வோர் கொள்ளலாம். எனக்கோ வேறு விதமாகப் பட்டது. மருத்துவர் சீட்டில் எழுதும் நோயன்று அவர்களுக்கு நேர்ந்தது. எனவே விடுப்பும் இல்லை, மருந்தும் இல்லை. தாம் விரும்பிக் கற்ற தொழிலை நோக்கி நடக்கையில் கால் தயங்கிற்று, அவ்வளவே.

சிங்கப்பூர் சிறந்தது, டொரன்டோ தாழ்ந்தது என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. ஓர் ஊரில் வினாத்தாள் நோயின் சூடு ஆறுமுன்னே கொடுக்கப்பட்டது. மற்றதில் ஓராண்டு கடந்தபின் கொடுக்கப்பட்டது. இரு வேறு தேர்வுகளின் மதிப்பெண்களை ஒரே பட்டியலில் எழுதுவது ஆசிரியனுக்கு அழகன்று. எனினும், மனத்திண்மை என்பது சிலர் பிறவியிலேயே கொண்டுவரும் முதல் என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்திலிருந்து நான் நம்பி வந்ததை, இவ்விரு ஊர்களும் அசைத்துவிட்டன. ஒவ்வொருவரின் இயல்புக்கும் அதில் பங்குண்டு என்பதை அந்த ஆய்வே ஒப்புகிறது. ஆனால் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது: மேலதிகாரியின் உண்மையான சொல்லிலிருந்து, நேரத்தில் கிடைக்கும் முகமூடியிலிருந்து, தெருவில் எதிர்ப்படுவோரின் முகத்திலிருந்து.

2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்ய எடுத்துச் சென்ற ஊர்தியின்மேல் கூட்டம் கல்லெறிந்ததை நாளிதழ்களில் படித்து நான் கொதித்தேன். என் கையில் கல் இருக்கவில்லை என்பது உண்மை.

என் மாணவி 2021இல் மாற்றல் பெற்று வேறூர் சென்றாள். போகுமுன் விடைபெற வந்தபோது, என் செயலைச் சொல்லி வருந்தினேன். அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "எங்கள் வார்டில் தலைமைச் சிஸ்டர் தினமும் காலையில் இன்றைக்கு எத்தனை கவச உடை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடுவார்கள், சார். குறைவாக இருந்தாலும் குறைவு என்றே சொல்வார்கள். அதனால் உள்ளே போக எனக்குப் பயமே வந்ததில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வயிற்றைக் கலக்கும்" என்றாள். அப்போதெல்லாம் உறக்கம் வராமல் விடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம், தாயிடமும் சொன்னதில்லையாம்.

இந்தப் பேச்சுக்குக் குறிப்பெடுத்தபோது தொலைபேசியில் அவளை அழைத்து, "உன் பெயரைச் சொல்லலாமா, அம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், சார். தெருப் பெயரும் வேண்டாம். அம்மா இன்னும் அங்கேதானே இருக்கிறார்கள்? எதிர்வீட்டு மாமிதான் தினமும் அவர்களுக்குப் பால் வாங்கித் தருகிறார்கள்" என்றாள்.

எதிர்வீட்டு மாமி என்றது என் மனைவியை.