வேதமும் வேதக்காரரும்

1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பொரளையிலிருந்து புறப்பட்ட பௌத்தப் பெரஹரா ஒன்று கொட்டாஞ்சேனையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அங்குள்ள தீபதுத்தமாராம விகாரையில் புதிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை ஒட்டிய கொண்டாட்டங்கள் சில வாரங்களாகவே நடந்து வந்தன. தவக்காலம் முழுவதும் மேளச் சத்தம் கேட்டுச் சலித்திருந்த கத்தோலிக்கர் நடுவில் ஒரு வதந்தி பரவியிருந்தது: சிலுவையையும் மரியன்னையையும் இழிவுசெய்யும் உருவங்கள் ஊர்வலத்தில் வருகின்றனவாம். பெரஹரா லூசியாள் பேராலயப் பகுதியை நெருங்கியதும் ஆலய மணிகள் அடித்தன. தடிகளோடும் கற்களோடும் கூட்டம் பாய்ந்தது. பாய்ந்தவர்களில் பலர் நெற்றியிலும் உடம்பிலும் வெள்ளைச் சிலுவைக் குறி இட்டிருந்தார்கள் என்று பின்னர் சாட்சியங்கள் கூறின. பௌத்தர் ஒருவர் இறந்தார். பொலிஸார் உட்படப் பலர் காயப்பட்டனர். வண்டி இழுத்த மாடுகளைக்கூட விட்டுவைக்கவில்லை.

விகாரையின் தலைவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். பத்து ஆண்டுகளுக்கு முன், 1873 ஆகஸ்டில், பாணந்துறையில் புரொட்டஸ்தாந்துப் போதகர்களோடு பல்லாயிரம் பேர் முன்னிலையில் வாதம் செய்து பெயர் பெற்றவர். வாதத்தில் அவரை எதிர்கொண்டது ஒரு சபை. தடியால் எதிர்கொண்டது வேறொரு சபை. சொல்லால் எதிர்கொண்டவர்கள் தோற்றார்களோ வென்றார்களோ, அவர்கள் மதத்துக்குக் கேடு எதையும் செய்யவில்லை. தடி எடுத்தவர்கள் செய்தார்கள்.

எவ்வளவு கேடு என்பதுதான் கேள்வி. சிலுவைக் குறி இட்டவன் அடித்தான் என்பதற்காகச் சிலுவை பொய்யாகிவிடுமா?

கிறிஸ்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை, அடித்தவர்கள் உண்மையான கிறிஸ்தவர்கள் அல்லர் என்பது. சொல்ல எளிது, கேட்கவும் இதமானது. ஆனால் இந்த விடையை ஏற்றால், வரலாற்றில் எந்தக் கிறிஸ்தவனும் எந்தக் குற்றமும் செய்திருக்க முடியாது. குற்றம் செய்த கணத்திலேயே அவன் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறான். நல்லவர் எல்லாரும் வரவில், கெட்டவர் எல்லாரும் செலவில். அத்தோடு, இதே சலுகையைப் பிற சமயத்தாருக்கும் கொடுக்க வேண்டிவரும். கொடுக்க மனமில்லாதவர்கள் தமக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுபக்கத்து வாதமும் அவசரமானதுதான். வன்முறை செய்தார்கள், ஆகவே கொள்கை பொய் என்று ஒரே தாவலில் முடித்துவிட்டால், மனிதர் கைபட்ட எந்தக் கொள்கையும் மிஞ்சாது. பௌத்தமும் சைவமும் சமத்துவமும் தேசியமும் அதே தீர்ப்பில் அகப்படும். தர்க்கப்படி, ஒரு கூற்றின் உண்மை அதைச் சொல்பவனின் கையைப் பொறுத்ததல்ல. ஆயினும் கிறிஸ்தவம் இந்தத் தர்க்கத்துக்குள் முழுதாக ஒளிந்துகொள்ள முடியாது. மரத்தைக் கனியால் அறியலாம் என்ற சோதனையை வைத்தவர் எதிரி அல்லர், இயேசுவே. கெத்சமனித் தோட்டத்தில் வாளெடுத்த பேதுருவைத் தடுத்தவரும் அவரே. தன்னை இப்படிச் சோதித்துப் பார்க்கச் சொன்ன ஒரு சமயம், சோதனை வரும்போது தர்க்கநூலைக் காட்டித் தப்புவது அழகல்ல.

இலங்கையில் இந்தச் சோதனை கொட்டாஞ்சேனையில் தொடங்கியதல்ல. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் த ஒலிவேரா இடித்ததும், அடுத்த சில ஆண்டுகளில் திருக்கோணேச்சரம் தகர்க்கப்பட்டு அதன் கற்கள் கோட்டைச் சுவராக மாறியதும் யாழ்ப்பாணத்தாரும் திருகோணமலையாரும் இன்றளவும் சொல்லிக்கொள்ளும் கதைகள். பறங்கிக்குப் பொன்னாசை, மதம் வெறும் போர்வை என்று இவற்றை விளக்குவது வழக்கம். பெரும்பாலும் பொருந்தும் விளக்கம்தான். பொருந்தாத இடமும் ஒன்று உண்டு.

1560இல் இந்திய மேற்குக் கரையின் போர்த்துக்கேயக் கோவாவிலிருந்து பதிலரசர் கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுத்தார். 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த நூற்றுக்கணக்கானோரைச் சங்கிலி மன்னன் கொன்றிருந்தான். அந்தப் பழியும் படையெடுப்புக்கு ஒரு காரணம். கொள்ளையில் புத்தரின் பல் என்று சொல்லப்பட்ட ஒன்று அகப்பட்டது. (அது உண்மையான தந்ததாது அல்ல, அது வேறிடத்தில் பத்திரமாக இருந்தது என்பது சிங்களப் பௌத்தர் கூற்று.) பர்மாவின் பெகு நாட்டரசன் அதற்குப் பெருந்தொகை தருவதாகத் தூது விட்டான். கோவாவின் கருவூலம் காய்ந்து கிடந்த காலம். விற்றுவிடலாம் என்று படைத்தலைவர்கள் நினைத்தார்கள். பேராயர் கஸ்பார் மறுத்தார். குருமார் கூடி ஆலோசித்தார்கள். முடிவில் அந்தப் பல் உரலில் இடித்துத் தூளாக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, சாம்பல் ஆற்றில் கரைக்கப்பட்டது. பொன்னாசைக்காரன் செய்கிற வேலையா இது? பொன்னைத் துறந்து, மனச்சாட்சிப்படி, பிறர் வணங்கியதை நொறுக்கினார்கள். பெயரளவுக் கிறிஸ்தவர்கள்தாம் கேடு செய்தார்கள் என்ற சமாதானம் இந்த உரலின் முன்னால் நிற்காது. உறுதியான விசுவாசியும் செய்தான்; விசுவாசத்தின் பெயரால்தான் செய்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் அதே காலத்தில், சில வேளை அதே வீட்டில் இருந்தது. 1594 முதல் 1612 வரை இலங்கையில் போர்த்துக்கேயத் தளபதியாக இருந்த ஜெரோனிமோ த அசவேதுவின் கொடுமைகளைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே கூச்சத்தோடு எழுதியிருக்கிறார்கள். தாய்மார் கண்ணெதிரே குழந்தைகளை ஈட்டியில் குத்தி ஏந்தியது, மல்வானையில் மனிதரை முதலைகளுக்கு எறிந்தது என்று நீளும் பட்டியல் அது. அவருடைய சகோதரர் இன்னாசியோ த அசவேது இயேசு சபைக் குரு. 1570இல் பிரேசிலுக்குக் கப்பலேறியபோது கனேரித் தீவுகளுக்கு அருகே தோழர்களோடு கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக வணங்குகிறது. கொன்றவர்கள் பிரெஞ்சுப் புரொட்டஸ்தாந்துக் கடற்கொள்ளையர். ஒரு தந்தையின் மக்களில் ஒருவர் கிறிஸ்தவர் கையால் இரத்தசாட்சி. மற்றவர் கிறிஸ்தவர் பெயரால் கொலையாளி. இந்தக் குடும்பத்தைக் கொண்டு மதத்தை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. தளபதி பிற்காலத்தில் கோவாவில் பதிலரசராகி, கடைசியில் லிஸ்பனில் சிறையில் இறந்தார்.

இயேசு சபைக் குரு பெர்னாவோ த கேய்ரோஸ் இங்கே கவனத்துக்குரியவர். இலங்கையை இழந்த வருத்தத்தோடு, 1687 வாக்கில், கோவாவில் இருந்து அவர் எழுதி முடித்த பெருநூலை எஸ்.ஜி. பெரேரா பாதிரியார் 1930இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கேய்ரோஸ் நடுநிலையாளர் அல்லர். சைவத்தையும் பௌத்தத்தையும் அவர் பேய் வழிபாடாகவே பார்த்தார். ஆயினும் போர்த்துக்கேயர் ஏன் இலங்கையை இழந்தார்கள் என்ற கேள்விக்கு அவர் ஒல்லாந்தரின் பீரங்கியை மட்டும் காரணம் காட்டவில்லை. நம்மவர் ஏழைகளுக்குச் செய்த அநீதிக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று, பக்கம் பக்கமாக, குற்றவாளிகளின் பெயரோடு எழுதினார். மதம் மாற்ற வந்தவர் தம் இனத்தாரைக் கூண்டில் ஏற்றியது எந்த அளவுகோலால்? தாம் போதித்த அதே வேதத்தால். மதத்தின் பெயரால் நடந்த கொடுமையைக் கண்டிக்கும் கருவி மதத்துக்குள்ளேயே இருந்தது. அந்தக் கருவி இருந்தும் கோயில்கள் இடிபட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் பக்கம் இன்னும் விசித்திரமானது. அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் கத்தோலிக்கக் குருமாரை மறைத்து வைப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை விதித்தார்கள். பதவிக்கும் பரம்பரைச் சொத்துக்கும் ஞானஸ்நானம் வழியானது. ஆங்கிலேயர் வந்து கட்டுப்பாடு தளர்ந்ததும் அந்தப் பதிவேட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் சத்தமின்றித் திருநீறு பூசிக்கொண்டார்கள். அரசு அதட்டி வாங்கிய விசுவாசத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

ஒல்லாந்தர் காலத்தில்தான், 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். கிறிஸ்தவ அரசின் வலைக்குத் தப்பி அவர் அடைக்கலம் பெற்றது கண்டியின் பௌத்த அரசனிடம். முதலில் பறங்கி ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறையிட்ட இரண்டாம் விமலதர்மசூரியன், பிறகு நடமாட விட்டான். 1697இல் கண்டியில் அம்மை பரவி, ஊர் கலைந்தபோது, கைவிடப்பட்ட நோயாளிகளை அவர் சமயம் பாராமல் பேணினார். பீரங்கி துணையின்றி, படை துணையின்றி இலங்கையில் வேதம் வேரூன்றியது இந்த ஒற்றைக் குருவால்தான் என்பது மிகையல்ல. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கொட்டாஞ்சேனைக் கலவரம் முடிந்த விதத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. விசாரணைக் குழு அமைந்தது. பொலிஸாரின் தளர்ச்சி கண்டிக்கப்பட்டது. சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வவில்லை என்று வழக்குகள் கைவிடப்பட்டன. கிறிஸ்தவ ஆட்சி கிறிஸ்தவனைக் காப்பாற்றிவிட்டது என்று பௌத்தர் எண்ணினால் அதில் வியப்பென்ன? 1884இல் அமெரிக்கப் பௌத்தரான கேணல் ஒல்கொட், இலங்கைப் பௌத்தர் சார்பில் இலண்டன் சென்று குடியேற்ற நாட்டமைச்சர் டார்பி பிரபுவிடம் முறையிட்டார். அடுத்த ஆண்டு வெசாக் பொது விடுமுறை ஆனது. 1885 ஏப்ரல் 28 அன்று பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. கிறிஸ்தவத்தின் மதிப்பைக் காக்கப் புறப்பட்ட தடிகள் இந்தத் தீவின் பௌத்த மறுமலர்ச்சிக்குச் செய்த உதவியைக் குணானந்தரின் நாவன்மைகூடச் செய்திருக்குமா என்பது ஐயமே.

நூறாண்டு கழித்து, 1983 ஜூலை 24 இரவு, பொரளைக் கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து தமிழர்மேலான வெறியாட்டம் தொடங்கியது. அடுத்தடுத்த நாட்களில் அதே பொரளையின் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அது மதக் கலவரமல்ல, இனக் கொலை. எனினும் இக்கட்டுரையின் கேள்விக்கு அக்காலத்தில் ஒருவர் விடை சொன்னார்: குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. ஆட்சியில் இருந்த அமைச்சர் ஒருவரின் சிற்றப்பா; சிங்களவர்; அங்கிலிக்கன். கலவரத்தின்போது வெளிநாட்டில் இருந்தவர் திரும்பி வந்து, பாதிக்கப்பட்ட தமிழரைத் தேடிப் பார்த்து, தம் மறைமாவட்டப் பேரவையில் கடைசி உரையை ஆற்றினார். தற்காப்பற்ற தமிழர்மேல் சிங்களவர் நடத்திய பழிவாங்கலுக்கு அறநியாயம் எதுவும் இல்லை என்றார். அந்த வெட்கத்தை “நாம்” என்று சொல்லியே ஏற்றார். எங்கள் சபையார் செய்யவில்லை என்று அவர் விலகவில்லை. அக்டோபர் 23 அன்று இறந்தார்.

2000 மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமையில் கேட்ட மன்னிப்பு இதைவிட எச்சரிக்கையானது. உண்மைக்குத் தொண்டு என்ற பெயரில் வன்முறையைக் கையாண்ட திருச்சபையின் பிள்ளைகளுக்காக அவர் மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகள் பாவம் செய்தார்கள், தாய் செய்யவில்லை என்ற இறையியல் வேறுபாடு அதற்குள் இருந்தது. கோவாவில் அந்தப் பல்லை இடிக்கச் சொன்னது ஒரு பேராயர் என்பதை நினைத்தால், அந்த வேறுபாடு கொஞ்சம் வசதியாகத்தான் தோன்றுகிறது.

2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்க வேண்டாம் என்று உடனே, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அவர் சொல்லுக்குப் பெரும்பாலோர் கட்டுப்பட்டார்கள். 1883ஐ அறிந்தவர்களுக்கு அது சிறிய செய்தியல்ல. ஆயினும் மே முதல் வாரத்தில் நீர்கொழும்பில் முஸ்லிம்களின் வீடுகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அதற்கு முன்பே, அவ்வூரில் வாடகைக்குக் குடியிருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் நூற்றுக்கணக்கில் வெளியேற்றப்பட்டு, பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் ஒண்டிக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தம் நாட்டில் துன்புறுத்தப்பட்ட அஹ்மதியர். பாகிஸ்தானில் வேதத்துக்காகவே அடிபட்டு ஓடிவந்த கிறிஸ்தவர் சிலரும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் யாரென்று விசாரிக்க அந்த வாரத்தில் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.