அண்டங்காக்கையிடம் கேட்கும் கேள்விகள்

எட்கார் அலன் போவின் 'அண்டங்காக்கை' என்னும் ஆங்கிலக் கவிதை 1845 ஜனவரி 29ஆம் திகதி நியூயோர்க்கின் 'ஈவினிங் மிரர்' பத்திரிகையில் வெளிவந்தது. மாண்டுபோன காதலியை எண்ணி நள்ளிரவில் தனித்திருக்கிறான் ஒருவன். அவன் அறைக்குள் புகும் அண்டங்காக்கை கதவின் மேலுள்ள சிலையில் அமர்கிறது. அது சொல்லத் தெரிந்ததோ ஒரேயொரு சொல்.

திகிலும் துயரமும் கலந்த இத்தகைய கொதிக் கவிதைகளைப் பொழிப்புரையும் அணியிலக்கணமுமாகக் கற்பித்தால் போதும், நடிப்பும் சித்திரமும் வெறும் விளையாட்டு என்போர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இக்கவிதையின் வரலாறே அவர்களுக்கு மறுமொழி கூறுகிறது.

போ இக்கவிதையைச் சபைகளில் தாமே வாசித்துக் காட்டியவர். ஆகவே, நூலை மூடிவைத்து முதலில் செவியால் கேட்பதே முறை. சாள்ஸ் டிக்கன்ஸின் 'பார்னபி ரட்ஜ்' நாவலில் பேசும் அண்டங்காக்கை ஒன்று வருகிறது. 1842இல் அதை விமர்சித்த போ, அப்பறவையின் கரைதலை வருங்காலம் உரைக்கும் குரலாக்கியிருக்கலாம் என்றார். தமது கவிதைக்கு முதலில் கிளியையே எண்ணியதாக 1846இல் எழுதிய கட்டுரையில் கூறுகிறார். அக்கட்டுரையை முழுதும் நம்பாத ஆய்வாளர்களும் உண்டு. எனினும், அண்டங்காக்கையின் இடத்தில் கிளியை இருத்திப் பார்க்குமாறு மாணவரிடம் கூறலாம். கவிதை இழப்பது எதுவென்று அவர்களே கண்டுகொள்வர். 1884இல் வெளியான குஸ்தாவ் டோரேயின் சித்திரங்களைக் காட்டுமுன் அந்த அறையை அவர்களையே வரையச் சொல்லலாம்.

நான் பெரிதும் விரும்புவது வேறொரு பயிற்சி. ஒரு மாணவர் பறவையாகி அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லட்டும். ஏனையோர் கேள்விகளை எழுதிவந்து கேட்கட்டும். கவிதையில் 18 செய்யுட்கள். எட்டாவதிலிருந்து இறுதிவரை பதினொன்றும் அச்சொல்லிலேயே முடிகின்றன. மாறுவது விடையன்று, கேள்வியே. முதலில் வேடிக்கையாகப் பெயர் கேட்டவன், பின்னர் இறந்தவளை மீண்டும் காண்பேனா என்று கேட்கிறான். விடை இன்னதென அறிந்தே, தன்னைப் புண்படுத்தும் கேள்விகளைத் தேடுகிறான்.

இக்கவிதை வெளியான நாளில் போவின் மனைவி வேர்ஜினியா காசநோயால் வாடிக்கொண்டிருந்தார். 1847இல் அவர் மறைந்தார். விடை தெரிந்தும் கேள்வியை விடமுடியாத மனித மனத்தைப் பொழிப்புரை சொல்லித்தரும் என்று நான் நினைக்கவில்லை. கேள்வியை எழுதிப்பார்த்த மாணவருக்கு அது தானே புலப்படும்.