வந்தாரும் இருந்தாரும்: கொச்சியை வாசித்தல்

1

சுற்றுலாப் பயணியைக் கேலி செய்வது நம் சிறுபத்திரிகைச் சூழலில் சுலபமான காரியம். தொப்பி, காமிரா, கையில் வரைபடம், மூன்று நாளில் ஒரு நகரத்தை 'முடித்துவிடும்' அவசரம். நான் கொச்சிக்குப் போனதும் சுற்றுலாப் பயணியாகத்தான். கள ஆய்வு, பண்பாட்டுப் பரிமாற்றம் என்றெல்லாம் அதற்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. எர்ணாகுளத்தில் ரயிலைவிட்டு இறங்கி, படகில் அக்கரை சேர்ந்து, மூன்று நாள் சும்மா நடந்தேன். சீன வலை பார்த்தேன், தேவாலயம் பார்த்தேன், யூதத் தெருவில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தேன். ஆகவே பயணியை வெளியே நிறுத்திவிட்டு எழுதுவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. பயணியின் கையில் ஒரு பிரதி தரப்படுகிறது. அந்தப் பிரதி எதை உரக்கச் சொல்கிறது, எதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதுதான் கேள்வி.

பிரதி சொல்லும் கதை இதுதான். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சி அழிமுகத்தைத் திறந்துவிட்டது. அரபு வணிகர் வந்தனர், சீனர் வந்தனர், யூதர் வந்தனர். 1500இல் போர்த்துக்கீசியர், 1663இல் டச்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். கோவாவிலிருந்து கொங்கணிகள், கட்ச் பகுதியிலிருந்து மேமன்கள், குஜராத்திலிருந்து வணிகர்கள். "எல்லாரும் ஒண்ணா இருந்தாங்க சார், ஒரு சண்டை கிடையாது" என்றார் எங்களுக்கு வழிகாட்டியவர், தமிழ்ப் பயணிகளுக்கென்று பழக்கிவைத்திருந்த தமிழில்.

மதத்தின் பேரால் தெருக்கள் பிளக்கப்படும் இந்நாட்களில் இந்தக் கதை காதுக்கு இதமாக இருக்கிறது. எதிர்த்துப் பேச நாக்குக் கூசுகிறது. வகுப்புவாதத்துக்கு எதிரான மேடைகளில் நாமே எடுத்துக்காட்டும் ஊர்களில் இதுவும் ஒன்று. இருந்தாலும், நாம் கையிலெடுக்கும் உதாரணத்தை நாமே பரிசோதிக்காவிட்டால் எப்படி? 'ஒற்றுமை' என்பது அந்த ஊரின் சுபாவம் என்று சொல்லிவிட்டால், அதற்காகப் போராடியவர்கள் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள்.

2

முதலில் கட்டடங்கள். மட்டாஞ்சேரியின் 'டச்சு அரண்மனை'யைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர்கள், சுமார் 1555இல். கொடுத்தது கொச்சி அரசருக்கு. டச்சுக்காரர்கள் பின்னால் பழுதுபார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. உள்ளே சுவரில் ராமாயணம். ஃபோர்ட் கொச்சியின் பிரான்சிஸ் தேவாலயமோ 1503இல் கத்தோலிக்கக் கோயிலாகத் தொடங்கி, டச்சுக்காரர் கையில் புராட்டஸ்டண்டாகி, ஆங்கிலேயர் கையில் ஆங்கிலிக்கனாகி, இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள், 1539இல் எலும்புகளைப் போர்த்துக்கலுக்கு எடுத்துச் சென்றார்கள். காலியான அந்தக் குழியைச் சுற்றி நின்று படமெடுத்துக்கொள்கிறோம்.

சுற்றுலாப் பிரதி இதையெல்லாம் 'அடுக்கடுக்கான பண்பாடு' என்கிறது. அடுக்குகள் தாமாக வந்து படியவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் ஒரு முற்றுகை இருக்கிறது. 1663இல் கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் கோயில்களில் பெரும்பாலானவற்றை இடித்தார்கள். 1806இல் ஆங்கிலேயர்கள் கோட்டையையே இடித்தார்கள். இடித்தது போக எஞ்சியதைத்தான் பாரம்பரியம் என்று பார்க்கிறோம்.

அரசரின் பெருந்தன்மையும் இப்படித்தான். தன் அரண்மனையை ஒட்டியே யூதர்களுக்கு இடம் கொடுத்தார், கோவாவில் போர்த்துக்கீசியர் தொல்லை தாளாமல் ஓடிவந்த கொங்கணிகளுக்கும் கொச்சியில் இடம் இருந்தது. உண்மை. அதே அரசர்கள் போர்த்துக்கீசியரின் கூட்டாளிகள் என்பதும் உண்மை. இதில் முரண் ஏதுமில்லை. மிளகு கப்பலேற வேண்டுமானால் தரகர் வேண்டும், வட்டிக்குப் பணம் வேண்டும், பல மொழி பேசும் ஆள் வேண்டும். துறைமுகத்தின் விருந்தோம்பலுக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அதனால் அந்த அடைக்கலம் பொய்யாகிவிடாது, உயிருக்கு ஓடிவந்தவனுக்கு அது உயிர்தான். ஆனால் அந்தக் கணக்கில் வராதவர்களின் கதி என்ன?

3

கடல் கடந்து வந்தவருக்கு அரண்மனைச் சுவரோரம் இடம் கிடைத்த இதே கொச்சியில், மண்ணின் மக்களான புலையர்களுக்கு ஒரு கூட்டம் போட நிலம் இருக்கவில்லை. 1913இல் அவர்கள் காயலில் கூடினார்கள். வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகை பரப்பி, தண்ணீர்மேல் நடந்தது அந்தக் கூட்டம். மீனவச் சமூகத்தில் பிறந்த கவிஞர் பண்டிட் கருப்பன் அதற்குத் துணைநின்றார். காயல் சம்மேளனம் என்று கேரள வரலாற்றில் அதற்குப் பெயர். நிலம் அரசருடையது, தண்ணீருக்கு இன்னும் சாதி எழுதப்படவில்லை என்ற கசப்பான தர்க்கம் அந்த வள்ளங்களுக்குள் இருக்கிறது. பயணிகளை ஏற்றிக்கொண்டு இன்று அந்தக் காயலின் மேல்தான் 2023இல் தொடங்கிய நீர் மெட்ரோ குளிரூட்டிய படகுகளில் போகிறது. அழகான பயணம். நானும் போனேன். எந்த அறிவிப்பும் 1913 பற்றிப் பேசவில்லை.

யூதத் தெருவுக்குள்ளும் ஒரு கோடு இருந்தது. 1568இல் கட்டப்பட்ட தொழுகைக்கூடத்தின் பெயர் பரதேசி சினகாக். தமிழில் 'பரதேசி' வசைச்சொல், அங்கே அது உயர்குலப் பட்டம். பின்னால் வந்தவர்கள் தங்களை 'வெள்ளை யூதர்' என்று சொல்லிக்கொண்டு, நெடுங்காலமாக அங்கே இருந்தவர்களைக் 'கறுப்பு யூதர்' ஆக்கினார்கள். தங்கள் சொந்த அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோரை பெஞ்சில் உட்காரவே விடவில்லை, முன்னறையில் தரையில்தான் இடம். சாதி என்பது ஒரு மதத்தின் நோய் என்று நினைப்பவர்கள் இங்கே சற்று நின்று யோசிக்கலாம்.

அந்த வழிவந்தோரில் ஒருவர் ஆப்ரஹாம் பராக் சேலம் (1882–1967). வழக்கறிஞர், காங்கிரஸ்காரர். காந்தியிடமிருந்து கற்ற சத்தியாகிரகத்தைத் தொழுகைக்கூடத்துக்குள் கொண்டுபோனார். சகமதத்தார் முன்னால் மறுத்தும் புறக்கணித்தும் நின்றார். தடைகள் ஒரே நாளில் அல்ல, மெல்ல மெல்லத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று அவரை அழைத்தார்கள். தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகளைக் குனிந்து பார்க்கச் சொல்லும் வழிகாட்டி, அந்தத் தரையில் யார் உட்காரவைக்கப்பட்டார்கள் என்று சொல்வதில்லை. நான் கேட்டேன். "அதெல்லாம் பழைய கதை சார்" என்றார். பழங்கால ஓடுகளையும் விளக்குகளையும் பற்றிப் பேசுகிறவருக்கு எது பழைய கதை, எது சொல்லத்தக்க கதை என்பது தெளிவாகவே இருக்கிறது.

மலபார் யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேல் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரியில் அவர்களுடைய கடவும்பாகம் தொழுகைக்கூடம் கிடங்காகிப் பாழடைந்தது. அதன் மர வேலைப்பாடுகள் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இங்கே நின்ற சுவரின் முன்பகுதி 2019இல் மழையில் இடிந்து விழுந்தது. பரதேசிக்குச் சற்றுத் தொலைவில்தான் இது. அங்கே சீட்டு வாங்க வரிசை.

4

துறைமுகம் என்றால் சரக்கு, சரக்கு என்றால் சுமக்கும் முதுகு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கொச்சித் துறையில் வேலை கொடுத்த முறைக்கு 'சாப்பா' என்று பெயர். காலையில் கூடி நிற்கும் கூலிகளின் நடுவே ஒப்பந்தக்காரனின் ஆள் உலோக வில்லைகளை வீசுவான். ஒருவரையொருவர் மிதித்து, அடித்து, பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. எழுந்து நிற்க முடியாதவன் பட்டினி. அந்த முறைக்கு எதிராகத் தொழிலாளர் போராடியபோது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்றணி என்ற மூவரின் பெயரை இயக்கம் இன்றும் தியாகிகளாக நினைவுகூர்கிறது. கே. எம். சிதம்பரன் இதை 'துறமுகம்' என்ற நாடகமாக்கினார். அதிலிருந்து ராஜீவ் ரவி இயக்கிய படம் 2023இல் வந்தது. அந்த மூன்று பெயர்களையும் திரும்பப் படியுங்கள். 'பன்மைப் பண்பாடு' என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் தேடினால் அரண்மனையைவிட அந்தப் பட்டியலில் அது அதிகமாக இருக்கிறது. ஒரே வில்லைக்காக ஒருவரையொருவர் மிதிக்க வைக்கப்பட்டவர்கள், மிதிக்க மாட்டோம் என்று சேர்ந்து நின்ற தருணம் அது.

இன்னும் பழைய முதுகுகளும் உண்டு. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். டச்சுக்காரர் காலத்தில் கொச்சியிலிருந்தே அடிமைகள் பத்தாவியாவுக்கும் தென்னாப்பிரிக்காவின் முனைக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். 1663இல் டச்சுப் படை நெருங்கியபோது போர்த்துக்கீசியச் செல்வந்தர்கள் பொக்கிஷத்தைச் சுவருக்குள் வைத்து, காவலுக்கு அடிமையையும் கொன்று சேர்த்துப் புதைத்தார்கள் என்பது அங்குள்ள மக்களின் வாய்மொழி. அந்த ஆவிதான் காப்பிரி முத்தப்பன். மட்டாஞ்சேரியில் மாங்காட்டுமுக்கில் ஒரு சிறு மேடை. மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். இன்ன மதத்தார் என்று இல்லை. நடந்ததா இல்லையா என்று ஆவணம் தேடுவது ஒரு வேலை. ஆவணம் வைக்கும் அதிகாரம் இல்லாதவர்கள், செய்த கொடுமையை மறக்காமலிருக்கக் கண்டுபிடித்த வடிவம் இது என்று வாசிப்பது இன்னொரு வேலை. எனக்கு இரண்டாவதே முக்கியம்.

5

நமக்கும் இதில் பங்கு உண்டு. 'வந்தாரை வாழவைக்கும்' என்ற அடைமொழியைத் தமிழகத்துக்கு நாமே சூட்டி மகிழ்கிறோம். வந்தாரை வாழவைத்த ஊர், இருந்தாரை எப்படி வைத்திருந்தது? இந்தக் கேள்வியைக் கொச்சியிடம் மட்டும் கேட்டுவிட்டு, தரங்கம்பாடியிடமும் நாகப்பட்டினத்திடமும் புதுச்சேரியின் வெள்ளைத் தெருக்களிடமும் கேட்காமல் விடுவது நேர்மையல்ல.

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் ஒரு சலவைத்துறை இருக்கிறது. தமிழ் வண்ணார் சமூகத்தின் சங்கம் நடத்துவது. டச்சுப் படையாட்களின் சீருடை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் என்று சொல்கிறார்கள். வரிசையாகத் துவைதொட்டிகள், வெளியே கொடிகளில் வெள்ளை வேட்டிகளும் படுக்கை விரிப்புகளும். சமீபகாலமாக இதுவும் 'பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியலில் ஏறிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். தேய்ப்புப்பெட்டியைக் கீழே வைக்காமலே ஒரு பெரியவர் என்னிடம் பேசினார்: "எத்தனை தலைமுறைன்னு கணக்கில்ல தம்பி. இங்கதான் பொறந்தோம். இன்னிக்கும் கோவம் வந்தா பாண்டின்னுதான் கூப்பிடுவாங்க." பிறகு, "அந்த விரிப்பெல்லாம் விடுதிங்களோடது. நீங்க எந்த விடுதி?" என்றார்.

பெயரைச் சொன்னேன். "அதுவும் இங்கதான் வருது" என்றார். கூலி எவ்வளவு, சங்கம் எப்படிப் பிரித்துக்கொடுக்கிறது, பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "எவன் வருவான்?" என்றார். கூலியை விடுதிக்காரர்கள் ஏற்றிக்கொடுப்பதில்லை என்றார். அங்கே சீட்டு இல்லை, வழிகாட்டியும் இல்லை. கொச்சிக்குப் போகும் நண்பர்கள் அரண்மனைக்குப் போகட்டும், வலைகளைப் பார்க்கட்டும். வெளியிலும் ஒரு மணி நேரம் நில்லுங்கள், காமிராவை எடுக்குமுன் கூலியைக் கேளுங்கள்.