வஜ்ரலேபமும் உடைந்த குதிரைக் காதும்

தோட்டத்தில் நிற்கிற பாங்குரா மண் குதிரையின் காது உடைந்துவிட்டால் எந்தப் பசை போடுவது? கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனால் நம் ஊரில் இதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துச் சரித்திரம் உண்டு!

நான் வேலை பார்க்கும் இந்தூரிலிருந்து உஜ்ஜயினி சுமார் 55 கி.மீ. அந்த அவந்தி நாட்டுக்காரரான வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் 'வஜ்ரலேபம்' பற்றித் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார். பனிச்சங்காய், பச்சை விளாங்காய், இலவம்பூ, வசம்பு எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு எட்டில் ஒரு பங்காக வற்றக் காய்ச்ச வேண்டும். பிறகு குங்கிலியம், சேராங்கொட்டை, ஆளிவிதை, வில்வம் அரைத்துச் சேர்த்துச் சூடாகப் பூச வேண்டும். கோயில், சிலை, சுவர், கிணறு எதில் பூசினாலும் ஒரு கோடி ஆண்டு நிற்குமாம்.

கோடி ஆண்டு இருக்கட்டும். பலமாக ஒட்டினால் மட்டும் போதுமா? அங்கேதான் சிக்கல்.

ஏதென்ஸின் பார்த்தினானில் பழைய கிரேக்கர்கள் கற்களை இரும்புப் பட்டையால் பிணைத்து, துரு ஏறாதபடி ஈயம் பூசினார்கள். 1898 முதல் அதைப் பழுதுபார்த்த பலானோஸ் வெறும் இரும்பைப் பயன்படுத்தினார். இரும்பு துருப்பிடித்து உப்பியது, பளிங்கு வெடித்தது. பின்னால் வந்தவர்கள் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தார்கள்.

2014இல் கெய்ரோ அருங்காட்சியகத்தில் துத்தன்காமன் தங்க முகமூடியின் தாடி கழன்று விழுந்தது. அவசரத்தில் எபாக்ஸி போட்டு ஒட்டிவிட்டார்கள். அதைச் சுரண்டி எடுக்க நிபுணர்களை அழைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் 2015இல் எதை வைத்து ஒட்டினார்கள் தெரியுமா? பழைய எகிப்தியர்களுக்கும் தெரிந்த தேன்மெழுகு!

ஆக, இரண்டு பாடம். ஒட்டுகிற பொருள் ஒட்டப்படும் பொருளைக் கெடுக்கக் கூடாது. அடுத்து வருகிறவன் பிரித்தெடுக்க வழி இருக்க வேண்டும்.

இப்போது குதிரைக்கு வருவோம். தச்சு வேலைக்கான சாதாரண வெள்ளைப் பசை மழையில் இளகிவிடும். 1958இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சயனோஅக்ரிலேட், அதாவது நம்ம 'ஒரு சொட்டு' பசை, மண்ணின் துளைகளுக்குள் இறங்கிவிடும். காய்ந்தால் எளிதில் நொறுங்கும். இரண்டு குழாயைக் கலக்கும் எபாக்ஸி தண்ணீரைத் தாங்கும், ஆனால் வெயிலில் மஞ்சளாகும். பிரிப்பதும் கஷ்டம். அருங்காட்சியகங்களில் அக்ரிலிக் பிசின் ஒன்றை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். வேண்டாமென்றால் அதே அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம். ஆனால் கடும் வெயில் சூட்டில் இளகும்.

சந்தையில் புதிதாகக் கிடைக்கும் குதிரை என்றால் தயங்காமல் எபாக்ஸி போடுங்கள். உடைந்த இடத்தைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெல்லியதாகப் பூசினால் போதும். தாத்தா காலத்துக் குதிரை என்றால் பிரிக்கக்கூடிய பசை போட்டு வீட்டுக்குள் வையுங்கள்.

பாங்குரா மாவட்டம் பாஞ்ச்முராவின் குயவர்கள் காதையும் வாலையும் தனியாகச் செய்து, உடம்பில் விட்ட துளையில் செருகுகிறார்கள். துளை பத்திரமாக இருந்தால் புதுக் காது செய்து செருகிக்கொள்ளலாம். அந்தத் துளைக்குள் எபாக்ஸியை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாதுதான். அதற்காக அதன் காதை அடைத்துவிடலாமா?