எக்ஸ் கதிர்களின் கதை – 14: குடுவைக்குள் ஒரு பதக்கம்

அலையா, துகளா என்ற சண்டையை முடித்துவைத்த அந்தப் படத்தை இந்த வாரம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். காட்டத்தான் உட்கார்ந்தேன்.

மியூனிக், 1912 ஜனவரி. படிகத்துக்குள் ஒளி எப்படிப் போகிறது என்று ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த பால் எவால்ட், பூங்காவில் நடந்தபடியே தன் சந்தேகத்தைச் சொல்கிறார். கூட நடந்த மாக்ஸ் லாவேயின் காதில் பாதிதான் விழுந்திருக்கும். படிகத்தில் அணுவுக்கும் அணுவுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதையே அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

எக்ஸ் கதிர் ஒளிக்குப் பங்காளி, அதுவும் மின்காந்த அலைதான் என்றால், அதன் அலைநீளம் கண்ணுக்குத் தெரியும் ஒளியினுடையதில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஒளியை வளைத்துக் காட்டக் கண்ணாடியில் நெருக்கமாகக் கோடு கிழிப்பார்கள். அந்தக் கோடுகள் எக்ஸ் கதிருக்கு எம்மாத்திரம்? அரிசி சலிக்கிற சல்லடையில் மாவைச் சலித்த கதைதான். ஆனால் படிகத்தில் இயற்கையே அணுக்களை வரிசை பிசகாமல் அடுக்கி வைத்திருக்கிறதே!

படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பார்க்கலாம் என்ற லாவேயின் யோசனையில் துறைத் தலைவர் சோமர்ஃபெல்டுக்கு நம்பிக்கை வரவில்லை. சூட்டில் அணுக்கள் ஆடும், படம் கலைந்துவிடும் என்று நினைத்தார். அவரை வில்லனாக்க மாட்டேன். என் வில்லன் வேறு.

யோஹன்னஸ் ஸ்டார்க். துகள் கட்சிக்காரர். அது குற்றமில்லை, போன வாரம் பார்த்த வில்லியம் பிராக்கும் அந்தக் கட்சிதான். ஆனால் ஹிட்லர் வந்ததும் இவர் ஜெர்மன் இயற்பியலுக்கே நாட்டாமையாகப் பார்த்தார். 1933 செப்டம்பரில் வூர்ட்ஸ்பர்கில் இயற்பியலாளர் மாநாடு. ஆமாம், ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்ட அதே ஊர். தொடக்க உரை லாவேயுடையது. கலிலியோவைப் பற்றிப் பேசினார். திருச்சபை தடுத்தும் பூமி சுற்றுவதை நிறுத்தவில்லை என்ற பழைய கதைதான். ஐன்ஸ்டீனைத்தான் சொல்கிறார் என்று அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே பிரஷ்ய அகாடமிக்குள் ஸ்டார்க் நுழையப் பார்த்தபோது மறித்தவரும் லாவேதான்.

இப்படிப்பட்ட மனுஷனின் பதக்கக் கதையைச் சொல்லாமல் நகர எனக்கு மனசு வரவில்லை.

1914-க்கான நோபல் பதக்கம். 23 காரட், சுமார் 200 கிராம்; நம் கணக்கில் 25 பவுன். நாஜிகள் கையில் சிக்கக்கூடாதென்று அதைக் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவைத்திருந்தார். ஜேம்ஸ் ஃப்ராங்கின் பதக்கமும் அங்கேதான் இருந்தது. 1940 ஏப்ரல் 9, ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. தங்கத்தை நாட்டைவிட்டு அனுப்புவது ஹிட்லர் ஆட்சியில் பெருங்குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருக்கிறது. அகப்பட்டால் லாவேயின் தலைக்கே ஆபத்து.

புதைத்துவிடலாம் என்றார் அங்கிருந்த ஹங்கேரிய வேதியியலாளர் ஹெவஷி. தோண்டி எடுத்துவிட்டால்? நீல்ஸ் போர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஹெவஷி ராஜ திராவகத்தை எடுத்தார். நைட்ரிக் அமிலம் மட்டும் தங்கத்தைத் தொடாது, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் தங்கம் கரையும், அதுவும் ஆமை வேகத்தில். தெருவில் படை அணிவகுத்துப் போக, உள்ளே இரண்டு பதக்கங்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தன. பிறகு வந்து சல்லடை போட்டுத் தேடியவர்கள், அலமாரியில் நின்ற ஆரஞ்சு நிறக் கரைசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்த பின் தங்கத்தைப் பிரித்தெடுத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்ப, நோபல் அறக்கட்டளை பதக்கங்களைப் புதிதாக வார்த்துக் கொடுத்தது.

படத்துக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். 1912-க்குத் திரும்பினால், லாவேயின் யோசனையைச் சோதித்துப் பார்க்கும் வால்டர் ஃப்ரீட்ரிக் இரவில் தனியாக நிற்கிறார். மயில்துத்தப் படிகத்தின் வழியே பல மணி நேரம் கதிர் பாய்ந்த தட்டு, டெவலப்பர் கரைசலில் கிடக்கிறது. நடுப்புள்ளியைச் சுற்றி ஏதோ கறுக்கத் தொடங்குகிறது.

(தொடரும்)