தளர்நடையைப் பாடிய ஊர்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமியும் தவம்பெற்ற நாயகியும் கோயில் கொண்டிருக்கிறார்கள். தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம் இதுவே. பிள்ளை வரம் கேட்டு இங்கே வருவோர் உண்டு. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவரோ வடபத்ரசாயி, ஆலிலைமேல் குழந்தையாகப் பள்ளிகொண்டவர். பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தமிழில் எழுந்த மிக நுட்பமான பாடல்கள் இந்த வட்டாரத்தில் பிறந்ததில் வியப்பில்லை.

பாடியவர் பெரியாழ்வார். ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர். நந்தவனம் வைத்து, பூத்தொடுத்து, பெருமாளுக்கு மாலை சாத்தியவர். ஆண்டாளை எடுத்து வளர்த்த தகப்பன். திருப்பல்லாண்டையும் சேர்த்து 473 பாசுரங்கள் பாடினார். கண்ணனைப் பாடும்போது அவர் யசோதையாகவே மாறிவிடுகிறார். தாலாட்டு, நிலாவை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, காது குத்துதல், நீராட்டுதல், பூச்சூட்டுதல் என்று ஒரு வீட்டில் குழந்தை வளரும் வரிசையே பாட்டின் வரிசையாகிறது.

இவற்றில் தளர்நடைப் பாசுரங்களைத் தனியே நின்று பார்க்க வேண்டும். குழந்தை இன்னும் சரியாக நடக்கவில்லை. வாயில் எச்சில் ஊறி ஊறிச் சொட்டுகிறது. முன்னே அண்ணன் பலராமன் விரைந்து ஓட, தம்பி பின்னாலேயே அடியெடுத்து வைக்கிறான். உலகை அளந்த தெய்வம் என்று நம்புகிற ஒருவர், அந்தத் தெய்வத்தின் தடுமாற்றத்தை மறைக்கவில்லை. அண்ணனைப்போல் ஓடு என்று பாட்டு விரட்டவுமில்லை. தள்ளாடும் அந்த நடையையே நடந்து காட்டமாட்டானா என்றுதான் பாசுரங்கள் கேட்கின்றன.

இன்னொரு இடத்தில் யசோதை வருந்துகிறாள். கன்றுகளின் பின்னே மகனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டோமே, அவன் கால் நோகுமே என்று ஒரு பதிகம் முழுக்கப் புலம்புகிறாள். அடுத்த பதிகத்தில் அவன் மாலையில் வீடு திரும்புகிறான். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தாய்க்குப் பயம் இருந்தது. ஆனாலும் பிள்ளை போனான், திரும்பியும் வந்தான்.

பிள்ளைமைப் பாட்டுக்குத் தொல்காப்பியத்திலேயே இடம் உண்டு. பெரியாழ்வாருக்குப் பின் அது பிள்ளைத்தமிழ் என்ற தனி இலக்கிய வகையாக வளர்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பாடினார். பாட்டியல் நூல்கள் பத்துப் பருவங்களை வகுத்தன. மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் இவற்றைப் பாடலாம் என்பது ஒரு கணக்கு. நூலுக்கு நூல் சிறிது மாறும். தலையெடுத்து ஆடுவது, கைகொட்டுவது, நடந்து வருவது, மணல் வீட்டைச் சிதைப்பது, சிறுபறை கொட்டுவது, சிறுதேர் உருட்டுவது என்று பிள்ளை செய்யும் செயல்களே பெரும்பாலும் பருவங்களின் பெயர்கள். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் வரும். பாடப்பட்டவர்களில் பலர் தெய்வங்களும் அரசர்களும். ஆனால் புலவர்கள் அந்தச் செயல்களைக் கண்டது வீட்டு முற்றங்களில்.

முற்றத்தில் அதற்கான கருவிகளும் இருந்தன. தச்சர் செய்த மூன்று சக்கர மர நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நடை பழகினார்கள். வண்டி ஓடும், பிள்ளை விழும், எழுந்து மறுபடி பிடிக்கும். தென்மாவட்டங்களில் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் நுங்கு எடுத்தபின் மிஞ்சும் பனங்காய்க் கூட்டைச் சக்கரமாக்கித் தாங்களே வண்டி செய்து உருட்டினார்கள். ஆடிப்பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரிய தேரைப் பார்த்த பிள்ளைகளுக்குச் சிறுதேர்ப் பருவத்தை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

வீட்டைத் தாண்டியதும் நிலைமை வேறு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மனப்பாடம் வலுவாக இருந்தது. பிரம்பும் வலுவாக இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனைகூட வழக்கில் இருந்தது. தப்பாகச் சொன்னால் அடி என்ற அந்தப் பழக்கம் திண்ணையை விட்டு நெடுங்காலம் போகவில்லை. பள்ளியில் உடல்தண்டனையை நாடு முழுவதற்கும் தடைசெய்தது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். திறமை பிறவியிலேயே முடிந்துபோன ஒன்று, தவறு அவமானம் என்ற எண்ணம் பிரம்படியோடு சேர்ந்தே நம் வீடுகளுக்குள்ளும் வந்தது.

அந்த எண்ணத்தைத்தான் அமெரிக்க உளவியலாளர் கேரல் டுவெக் ஆராய்ந்தார். உழைத்தால் திறமை வளரும் என்று நம்பும் பிள்ளைகள் தோல்வியிலிருந்து விரைவில் மீள்கிறார்கள் என்பது அவர் கருத்து. 2006-இல் அவர் எழுதிய நூல் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் அவரும் பங்கேற்றார். 53 குழந்தைகளின் வீடுகளில், அவர்களுடைய 14, 26, 38-ஆம் மாதங்களில், பெற்றோர் பேசியதைப் பதிவு செய்தார்கள். பாராட்டுகளில் பிள்ளையின் முயற்சியைப் பற்றியவை அதிகமாக இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள், ஏழெட்டு வயதில் கடினமான வேலையை விரும்பினார்கள். மனிதர் மாற முடியும் என்று நம்பினார்கள். இந்த நம்பிக்கை மதிப்பெண்ணை உயர்த்தும் மந்திரமல்ல. மதிப்பெண்ணில் இதன் தாக்கம் சிறியதே என்று பின்வந்த தொகுப்பாய்வுகள் காட்டின. ஆனாலும் வீட்டுப் பேச்சு பிள்ளையின் மனத்தோடு சேர்ந்து வளர்கிறது என்பதை அந்தப் பதிவுகள் சொல்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்திலிருந்து பாடியவர், பிள்ளையின் முயற்சியையே கொண்டாட வேண்டும் என்பதை எந்த ஆய்வும் இல்லாமல் உணர்ந்திருந்தார். தேவதானத்திலும் ராஜபாளையத்திலும் பிள்ளை வளர்க்கும் பெற்றோர், மாதத் தேர்வுத் தாள் வீட்டுக்கு வரும் நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்க வேண்டாம். தப்பாய்ப் போன கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். எதுவரை சரியாக வந்தாய் என்று கேளுங்கள். அங்கிருந்து அவனே, அவளே மறுபடி போட்டுப் பார்க்க நேரம் கொடுங்கள்.