ஆங்கிலத் தொடர் ஒன்றில் உறங்கும் ஆயிரம் ஆண்டுகள்

‘ஹியர் கம்ஸ் தி பஸ்’ என்பது பிழையற்ற ஆங்கிலம். ‘இதோ பேருந்து வருகிறது’ என்பது பொருள். பேருந்து என்னும் பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு ‘இட்’ என்னும் பிரதிப்பெயரை வைத்தால், தொடர் ‘ஹியர் இட் கம்ஸ்’ என்று மாறிவிடுகிறது. பெயர்ச்சொல் வினைக்குப் பின்னால் நின்றது. பிரதிப்பெயரோ வினையைத் தாண்டி முன்னால் வந்து நிற்கிறது. ‘டௌன் கேம் தி ரெயின்’, ஆனால் ‘டௌன் இட் கேம்’. ‘அவே வென்ட் தி பாய்ஸ்’, ஆனால் ‘அவே தே வென்ட்’. வருதல், போதல், விழுதல், ஓடுதல் முதலிய இயக்கத்தைக் குறிக்கும் வினைகளுக்கு முன்னால் இடத்தையோ திசையையோ சுட்டும் அடை வந்தால் இவ்வொழுங்கு தவறுவதில்லை.

‘ஹியர் கம்ஸ் ஹி’ என்று எழுதும் இந்திய மாணவனின் விடைத்தாளில் சிவப்பு மை விழுகிறது. ஏன் பிழை என்று அவனுக்குச் சொல்லப்படுவதில்லை. ‘விதி அப்படி’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டு. இடப்பெயர்வும் படையெடுப்பும் குடியேற்றமும் கலந்த வரலாறு அது.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் வடகடலைக் கடந்து பிரித்தானியத் தீவுக்கு வந்த ஆங்கிலர், சாக்சனியர் முதலிய குழுவினர் பேசியது ஜெர்மானியக் குடும்பத்து மொழி. தொடரின் முதலிடத்தில் எச்சொல் நின்றாலும் இரண்டாம் இடம் வினைக்கு உரியது என்பது அக்குடும்பத்து மொழிகளில் பரவலாகக் காணப்படும் இயல்பு. இன்றைய ஜெர்மன் அதைக் கட்டிக்காத்து வருகிறது. ‘இதோ வருகிறான் அவன்’ என்பதற்கு நேரான ‘ஹீர் கொம்ட் எர்’ என்பதே அம்மொழியில் சரியான தொடர். அங்கே பெயர்ச்சொல்லுக்கும் பிரதிப்பெயருக்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் வினைக்குப் பின்னரே வரும்.

பழைய ஆங்கிலம் இந்த இடத்தில் தனிவழி சென்றது. வினா, மறுப்பு, ‘அப்போது’ என்னும் பொருள் தரும் ‘தா’ போன்ற சில சொற்கள் ஆகியவை முதலில் வந்தால், பிரதிப்பெயரும் வினைக்குப் பின்னால் நின்றது. வேறு சொற்கள் முதலில் வந்தால் எழுவாயாகிய பெயர்ச்சொல் பெரும்பாலும் வினைக்குப் பின்னும், பிரதிப்பெயர் வினைக்கு முன்னும் நின்றன. பிரதிப்பெயர் அழுத்தம் குறைந்த சிறு சொல். தமிழில் ஏகாரமும் உம்மையும் தனித்து நில்லாமல் மற்றொரு சொல்லைச் சார்ந்து நிற்பதுபோல, பழைய ஆங்கிலப் பிரதிப்பெயரும் சார்ந்து நிற்கும் தன்மையுடையது என்பதை டச்சு மொழியியலறிஞர் அன்ஸ் வான் கெமனாடே 1987-இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக வாதிட்டது.

இதற்கிடையே வடக்கிலிருந்து வேறொரு மொழி வந்து சேர்ந்தது. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடம் வைக்கிங்குகளால் சூறையாடப்பட்டது. 865-இல் டேனியப் பெரும்படை கரையிறங்கியது. மறு ஆண்டு யார்க் நகரம் அதன் வசமாயிற்று. கொள்ளையிட வந்தவர்களில் பலர் நிலம் பெற்று உழவராகத் தங்கினர். உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். அவர்களும் அவர்கள் வழிவந்தோரும் ஆங்கிலத்தைக் கற்றபோது, ஆங்கிலமும் அவர்கள் வாயில் மாறியது. ‘தே’, ‘தெம்’, ‘தேர்’ என இன்று நாள்தோறும் வழங்கும் பன்மைப் பிரதிப்பெயர்கள் அவர்கள் கொடுத்தவை. ஒரு மொழி பிறமொழியிடமிருந்து பொருட்பெயர்களைக் கடன் வாங்குவது இயல்பு. பிரதிப்பெயரையே கடன் வாங்குவது அரிது. இரு மக்களும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்கு இதுவே போதிய சான்று.

சொற்களோடு தொடரமைப்பும் மாறியது என்பது அந்தனி கிரோக், ஆன் டெய்லர் இருவரும் 1997-இல் முன்வைத்த கருத்து. கென்ட் வட்டார வழக்கில் 1340-இல் எழுதி முடிக்கப்பட்ட ‘அயன்பைட் ஆஃப் இன்விட்’ என்னும் நூலில், பிரதிப்பெயர் பழைய ஆங்கில முறைப்படி வினைக்கு முன்னரே நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த, கன்னியர் மடத்துக்காக வடக்கு வழக்கில் எழுதப்பட்ட புனித பெனடிக்ட் ஒழுக்க நூலிலோ அது வினைக்குப் பின்னே செல்கிறது. ஸ்காண்டினேவியர் குடியேறிய வடபுலத்தில் வினையின் இரண்டாம் இடம் விலக்கின்றிப் பேணப்பட்டது. மாணவனின் விடைத்தாளில் அடிக்கப்பட்ட ‘ஹியர் கம்ஸ் ஹி’ என்னும் அமைப்பு, அந்த வடபுலத்து வழக்கில் இயல்பான அமைப்பே.

வடக்கு, தெற்கு வழக்குகள் பின்னர் ஒன்றோடொன்று கலந்தன. தென்னவர் பிரதிப்பெயரை முன்வைத்துப் பேசியதைக் கேட்ட வடவருக்கு, வினை இரண்டாம் இடத்தில் நின்றாக வேண்டும் என்பதற்கான சான்று மங்கியிருக்க வேண்டும் என்பது அவ்விருவரின் விளக்கம். பொதுவிதியாக இருந்த அம்முறை மத்திய ஆங்கிலக் காலத்தின் இறுதியில் தளர்ந்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய நூற்றாண்டு, எழுவாய் முன்னும் வினை பின்னுமான இன்றைய ஒழுங்கு வேரூன்றிய நூற்றாண்டும் ஆகும்.

தளர்ந்தாலும் அம்முறை முற்றும் மறையவில்லை. வினாவிலும், ‘நெவர் ஹேவ் ஐ’ எனத் தொடங்கும் மறுப்பிலும் பிரதிப்பெயர் இன்றும் வினைக்குப் பின்னால் நிற்கிறது. ‘ஹியர் ஹி கம்ஸ்’ போன்ற இயக்கத் தொடர்களில் அது வினைக்கு முன்னால் நிற்கிறது. பழைய ஆங்கிலம் வகுத்திருந்த இருவேறு வரிசைகளும் இவ்வாறு இரு மூலைகளில் எஞ்சியிருக்கின்றன. இதற்கு வேறொரு காரணம் காட்டுவோரும் உண்டு. தொடரின் இறுதி புதுச்செய்திக்கு உரிய இடம். பிரதிப்பெயர் முன்பே அறிந்த ஒன்றைச் சுட்டுவதால் அவ்விடத்துக்குப் பொருந்தாது என்பர். இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. வரலாறு விட்டுச்சென்ற அமைப்பைப் பொருள்தேவை காத்துவந்தது எனக் கொள்வதில் தடையில்லை.

இழந்தவையும் உண்டு. ‘ஹியர்’ இங்கே, ‘ஹிதர்’ இங்கு நோக்கி, ‘ஹென்ஸ்’ இங்கிருந்து என இருப்பையும் வருகையையும் நீங்குதலையும் ஆங்கிலம் முன்பு தனித்தனிச் சொற்களால் பிரித்துக் காட்டியது. 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் அச்சொற்கள் உயிரோடு உலவுகின்றன. இன்று ‘ஹியர்’ ஒன்றே இருப்புக்கும் வருகைக்கும் போதுமென்றாகிவிட்டது. இயக்க வினையோடு பிரதிப்பெயரைச் சேர்த்துச் சொல்லும் பழைய வழக்கும் அருகி, ‘ஃபேர் தீ வெல்’ போன்ற விடைபெறு மொழியில் ஒதுங்கியுள்ளது. அதிலுள்ள ‘ஃபேர்’ என்பதற்குப் பயணம் செல்லுதல் என்பதே பழம்பொருள்.

இலக்கண வரலாற்றில் மற்றொரு நகைமுரணும் உண்டு. உலகெங்கும் ஆங்கிலப் பள்ளிகளில் நெடுங்காலம் கோலோச்சிய லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் 1795-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் பிறந்த அவர் அதை எழுதியது யார்க் நகரை அடுத்த ஊரில். பிரதிப்பெயரை வினைக்குப் பின் வைத்துப் பேசிய மக்களின் மண்ணில். அத்தகைய நூல்கள் விதிகளைத் தந்தன. அவ்விதிகளின் பிறப்பைத் தரவில்லை.

1835-இல் மெக்காலேயின் குறிப்பை ஒட்டி பெண்டிங் பிரபுவின் அரசு ஆங்கிலக் கல்விக்கு முதன்மை அளித்தபின், இந்தியாவில் ஆங்கிலம் பலருக்கும் செவிவழியாக அன்றி நூல்வழியாகவே வந்தது. காரணம் சொல்லப்படாத விதி, கற்பவனுக்குத் தன் அறிவின்மீதே ஐயத்தை உண்டாக்குகிறது. ‘பெயர்ச்சொல் பின்னே வரலாம் என்றால் பிரதிப்பெயர் ஏன் வரக்கூடாது?’ என்று கேட்கும் மாணவன் மந்தமானவன் அல்லன். யார்க்கில் குடியேறிய டேனிய உழவரின் வழித்தோன்றல்கள் கண்ட ஒழுங்கையே அவனும் காண்கிறான். தேர்வில் அவன் ‘ஹியர் ஹி கம்ஸ்’ என்றே எழுத வேண்டும்; அதில் மாற்றமில்லை. ஆனால் அவ்விதி அறிவின் அளவுகோல் அன்று, மக்கள் கலந்து வாழ்ந்ததன் தடம் என்பதும் அவனுக்குச் சொல்லப்பட வேண்டும். அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.